கத்தி செய்ய ஒரு பெல்ட் கிரைண்டர்: கொழும்பில் கிட் தெரிவு செய்து பூட்டும் முறை

கையரத்தால் ஒரு கத்தியின் சரிவை, அதாவது வாயை நோக்கி மெலியும் பக்கத்தை, எடுத்து முடிக்க எனக்கு இரண்டு வாரத்து மாலைகள் போயின. பழைய லொறி ஸ்ப்ரிங் தகட்டில் வெட்டிய தேங்காய்க் கத்தி அது. கத்தி நன்றாகத்தான் வந்தது. ஆனால் மலையகத்து உறவினர்கள் நாலு பேர் கவ்வாத்துக் கத்தி கேட்டபோது, அரத்தை வைத்துக்கொண்டு இது நடக்காது என்று விளங்கியது. இன்று கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுப் பின் விறாந்தையில் ஒரு பெல்ட் கிரைண்டர் நிற்கிறது, வீல்களில் ஓடும் சொரசொரப்பான பெல்ட்டால் இரும்பைத் தேய்க்கும் மெஷின் அது. அதே சரிவு இப்போது ஒரு மணித்தியாலத்துக்குள் முடிகிறது.

அதைப் பூட்டி ஓடவைக்க ஏழு மாதம் எடுத்தது. அதில் பாதிக்கு மேல், ஒன்றோடொன்று சேராத பாகங்களைச் சேர்க்கப் பார்த்ததில் கழிந்தது. வெளிநாட்டு கிட், அதாவது நாமே பூட்டும் பாகத் தொகுதி, ஒரு அளவில் வரும், இங்கே கிடைக்கும் மோட்டர் இன்னொரு அளவில் இருக்கும். இந்த வழிகாட்டியில் நான் அதிகம் பேசப் போவது அந்தப் பொருத்தத்தைப் பற்றித்தான். சுழலும் பாகங்களுக்குக் காசைச் செலவழியுங்கள், நிற்கும் பாகங்களை இங்கேயே வெட்டிக்கொள்ளுங்கள் என்பது என் முடிவு. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

பெல்ட்டின் அளவு

மோட்டரையோ சட்டத்தையோ பார்க்கும் முன் பெல்ட்டைத் தீர்மானியுங்கள். மெஷினை ஒரு தரம் வாங்குவீர்கள், பெல்ட்டை வாழ்நாள் முழுக்க வாங்குவீர்கள். கத்தி செய்பவர்களிடம் உலகெங்கும் பரவலாக இருப்பது 2 அங்குல அகலம், 72 அங்குல நீளம். மெட்ரிக்கில் 50 மி.மீ.க்கு 1,830 மி.மீ. அளவில். சொரசொரப்பான 36ஆம் எண் (எண் ஏற ஏற மணி நுண்ணியது) முதல் கண்ணாடி மெருகு தரும் நுண்ணிய பெல்ட் வரை எல்லா ரகமும் இந்த அளவில் செய்யப்படுகின்றன. நீளம் கூட இருப்பதால் பெல்ட் சூடாறிக்கொண்டே ஓடும், அதனால் ஆயுளும் கூடும்.

புறக்கோட்டைக் கடைகளில் சுலபமாகக் கிடைப்பது தச்சர்களின் கை சாண்டருக்கான 75 மி.மீ.க்கு 533 மி.மீ. பெல்ட். அதை நம்பி மெஷின் கட்ட வேண்டாம். அவை பெரும்பாலும் மரத்துக்கான அலுமினியம் ஒக்சைட் பெல்ட்டுகள், ஸ்ப்ரிங் இரும்பில் கொஞ்ச நேரத்தில் மழுங்கிவிடும். 1 அங்குலத்துக்கு 30 அங்குலம் கொண்ட சிறிய மேசை மெஷின்களும் உண்டு. சமையல் கத்தி தீட்டவும் பிடியைச் சீராக்கவும் அவை போதும், முழுக் கத்தியின் சரிவை எடுக்கப் போதாது. ஆகவே 2க்கு 72 என்றே வைத்துக்கொள்வோம். பெல்ட்டை வெளிநாட்டிலிருந்து மொத்தமாக எடுக்க வேண்டி வரும், அதையும் செலவில் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

மோட்டர்: எல்லாம் இங்கேதான் தீர்மானமாகிறது

கத்தி வேலைக்கு 1.5 கிலோவாட், அதாவது 2 குதிரைவலு மோட்டர் சரியான அளவு. 0.75 கிலோவாட்டிலும் செய்யலாம், ஆனால் புதிய 36 பெல்ட்டில் அழுத்திப் பிடித்தால் வேகம் விழும். அதற்கு மேல் 2.2 கிலோவாட் எடுத்தால் வீட்டு மின்னிணைப்பில் சங்கடம் தொடங்கும்.

அடுத்தது சுற்று வேகம். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இதில் இரண்டு துருவ மோட்டர் நிமிடத்துக்குச் சுமார் 2,800 சுற்றும், நாலு துருவ மோட்டர் சுமார் 1,400 சுற்றும் ஓடும். பெல்ட்டின் வேகம் அறிய, டிரைவ் வீலின் (மோட்டர் தண்டில் பூட்டிப் பெல்ட்டை ஓட்டும் வீல்) விட்டத்தை 3.14ஆல் பெருக்கி, அதை மோட்டரின் சுற்றால் பெருக்குங்கள். 100 மி.மீ. வீலை 2,800 சுற்று மோட்டரில் போட்டால் நிமிடத்துக்கு 880 மீட்டர், செக்கனுக்குச் சுமார் 14.7 மீட்டர். அதே வீலை 1,400 சுற்று மோட்டரில் போட்டால் பாதிதான். 150 மி.மீ. வீலும் 1,400 சுற்று மோட்டரும் சேர்ந்தால் செக்கனுக்கு 11 மீட்டர்.

எது வேண்டும்? இரும்பை வேகமாகத் தின்னும் செராமிக் பெல்ட்டுகளுக்கு வேகமும் அழுத்தமும் தேவை. அவற்றின் மணிகள் அழுத்தத்தில் உடைந்து புதிய கூர் காட்டும்படி செய்யப்பட்டவை. மெதுவாகத் தடவினால் உடையாமல் வழுக்கிப் பளபளக்கத் தொடங்கிவிடும். ஆனால் சூடேற்றிப் பதம் போட்ட கத்தியையும் மரப்பிடியையும் அந்த வேகத்தில் தொட்டால் கருகிவிடும். ஆகவே வேகத்தை மாற்ற முடிய வேண்டும். அதற்குத்தான் வி.எஃப்.டி. என்ற வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி, மின்சாரத்தின் ஹெர்ட்ஸை மாற்றி அது மோட்டரின் வேகத்தை மாற்றும்.

என் சிபாரிசு இது. வி.எஃப்.டி. வாங்க முடியுமென்றால் நாலு துருவ த்ரீ ஃபேஸ் மோட்டரும் 150 மி.மீ. டிரைவ் வீலும் எடுங்கள். வி.எஃப்.டி.யை 75 ஹெர்ட்ஸ் வரை ஏற்றினால் பெல்ட் செக்கனுக்கு 16 மீட்டருக்கு மேல் ஓடும், கீழே இறக்கினால் மரம் தேய்க்கும் வேகத்துக்கு வரும். குறைந்த வேகத்தில் நாலு துருவ மோட்டரின் இழுவை இரண்டு துருவத்தைவிடக் கூட. வி.எஃப்.டி. இப்போதைக்கு இல்லையென்றால் இரண்டு துருவ சிங்கிள் ஃபேஸ் மோட்டரும் 100 மி.மீ. வீலும் போதும். ஆனால் கடைசிக் கட்ட வேலைகளைக் கையால் செய்யப் பழகுங்கள்.

சிங்கிள் ஃபேஸ் கெப்பாசிட்டர் மோட்டரை வி.எஃப்.டி.யில் இணைத்து வேகம் மாற்ற முடியாது. கடையில் முடியும் என்று சொன்னாலும் வாங்காதீர்கள்.

மோட்டர் முழுதாக மூடியதாக, வெளியே விசிறி வைத்ததாக இருக்க வேண்டும். பெயர்த்தகட்டில் ஐ.பி. 55 என்று பாருங்கள், தூளும் நீரும் புகாத தரத்தைக் காட்டும் எண் அது. திறந்த மோட்டருக்குள் இரும்புத் தூள் போனால் சுருள் எரிந்துவிடும்.

வீலின் துளை: நான் இடறிய இடம்

அமெரிக்காவில் செய்யும் பல கிட்டுகளின் டிரைவ் வீல் 5/8 அங்குலத் துளையோடு வரும், கிட்டத்தட்ட 15.9 மி.மீ. அது அந்நாட்டு 56சி என்ற சட்ட அளவு (மோட்டர் உடலின் தர அளவு) மோட்டருக்கானது. இங்கே கிடைக்கும் 1.5 கிலோவாட் மெட்ரிக் மோட்டர் வழக்கமாக 90 சட்ட அளவு. அதன் தண்டு 24 மி.மீ., சாவி (வீல் தண்டில் வழுக்காமல் பூட்டும் கட்டை) 8 மி.மீ. 0.75 கிலோவாட் மோட்டர் வழக்கமாக 80 சட்ட அளவு, தண்டு 19 மி.மீ., சாவி 6 மி.மீ. முகப்புத் தகட்டின் போல்ட் துளைகளும் ஒத்துப் போகாது. பி14 என்ற சிறு முகப்பு வகையில் 90 அளவுக்கு போல்ட் வட்டம் 115 மி.மீ., 80 அளவுக்கு 100 மி.மீ. கிட் வாங்கும் முன் விற்பவரிடம் இந்த இரண்டு எண்களையும் எழுத்தில் கேளுங்கள்: வீலின் துளை எவ்வளவு, மோட்டர் தகடு எந்தச் சட்ட அளவுக்கு வெட்டியது.

நான் கேட்கவில்லை. வந்த வீலை 24 மி.மீ.க்குத் துளைக்க ஒரு லேத் பட்டறையில் கொடுத்தேன். மூன்று தாடை சக்கில் பிடித்து உடனே துளைத்துத் தந்தார்கள். பூட்டி ஓடவிட்டபோது பெல்ட் துடித்தது. பிளாட்டனில் (பெல்ட்டைப் பின்னால் தாங்கும் தட்டையான தகடு) வைத்த இரும்பில் விரல் அகல இடைவெளியில் அலை அலையாகக் கோடு விழுந்தது. நுண்ணிய ஏற்ற இறக்கத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பார்த்தால் வீலின் விளிம்பு 0.3 மி.மீ. ஏறி இறங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு, ஆனால் கத்தியில் தெரிந்தது.

சரியான வழி, கடைந்து முடித்தால் 150 மி.மீ. வரும்படி அதைவிடக் கொஞ்சம் பெரிய அலுமினிய உருளை எடுத்து, துளையையும் வெளிவட்டத்தையும் ஒரே பிடியில் கடையச் சொல்வது. பிடியை மாற்றாமல் இரண்டையும் கடைந்தால் மையம் தப்பாது. வாங்கிய வீலையே துளைக்க வேண்டியிருந்தால் நாலு தாடை சக்கில் வைத்து, விளிம்பில் டயல் கேஜ் ஓட்டி, மையம் பிடித்த பிறகு துளைக்கச் சொல்லுங்கள். அரைமணி நேரம் கூடப் போகும், அதற்குரிய கூலியைக் கேட்காமலே கொடுங்கள். இதைப் பொறுமையாகச் செய்யும் ஒரு லேத் பாஸ் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

எதை வரவழைப்பது, எதை இங்கே எடுப்பது

முழு கிட் என்றால் சட்டத் தகடுகள், வீல்கள், பிளாட்டன், பெல்ட்டை நடுவில் ஓடவைக்கும் ட்ராக்கிங் பிடி எல்லாம் ஒரே பெட்டியில். ஆனால் விலை குறைந்தவற்றில் வீல்கள் இருக்காது, மோட்டர் பெரும்பாலும் எதிலும் இருக்காது. விளம்பரப் படத்தில் தெரிவதெல்லாம் பெட்டிக்குள் இருக்கும் என்று நினைக்காமல் பாகப் பட்டியலை வாசியுங்கள். சட்டத் தகடுகள் கனமானவை, கப்பல் செலவு இரும்பின் விலையைத் தாண்டும். வெளிநாட்டு மோட்டர் வேண்டவே வேண்டாம். 110 வோல்ட் மோட்டர் இங்கே பயன்படாது, 60 ஹெர்ட்ஸ் மோட்டரை நம் 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து சூடும் ஏறும்.

ஆகவே வீல் தொகுதியையும் பெல்ட்டுகளையும் வரவழையுங்கள். வீல் தொகுதி என்றால் ட்ராக்கிங் வீல் ஒன்று, பிளாட்டனின் மேலும் கீழும் பெல்ட்டைத் திருப்பும் ஐட்லர் வீல் இரண்டு, முடிந்தால் கத்தியை வைத்து அழுத்த ரப்பர் பூசிய காண்டாக்ட் வீல் ஒன்று. டிரைவ் வீலை இங்கே கடைந்துகொள்ளலாம். ட்ராக்கிங் வீலின் நடு கொஞ்சம் புடைத்திருக்க வேண்டும், அந்தப் புடைப்புத்தான் பெல்ட்டை நடுவில் பிடித்து வைக்கிறது. தட்டையான வீலை அதற்குப் பதிலாகப் போட்டால் பெல்ட் நிற்காமல் ஓடிவிடும்.

இரும்புக்குப் பழைய சோனகத் தெரு. அங்கே அங்குலக் கணக்கும் மி.மீ. கணக்கும் கலந்து பேசுவார்கள், அளவுகோலைக் கையில் கொண்டு போங்கள். அடித்தட்டுக்கு 12 மி.மீ., பக்கத் தகடுகளுக்கு 10 மி.மீ. பிளாட்டனைத் தாங்கும் கருவிக் கைக்கு ஒன்றரை அங்குலச் சதுர இரும்பு. அது நுழையும் உறைக்கு 50க்கு 50க்கு 5 சதுரக் குழாய் எடுத்தால் உள்ளளவு 40 மி.மீ. என்று காகிதத்தில் வரும். உண்மையில் உள்ளே வெல்டிங் தையல் புடைத்திருக்கும், மூலைகளும் வளைந்திருக்கும். 40 மி.மீ. சதுர இரும்பு அதற்குள் போகாது, ஒன்றரை அங்குலம் தையலைக் கொஞ்சம் அரத்தால் தேய்த்தால் போகும். வரைபடத்தைக் கொடுத்தால் தகடுகளைத் துளையோடு வெட்டித் தரும் லேசர் பட்டறைகள் கொழும்பைச் சுற்றி உண்டு, கேஸ் கட்டரில் வெட்டுவதைவிட அதுவே மேல்.

பேரிங் பஞ்சிகாவத்தையில். பெரும்பாலான வீல்களுக்கு 6202 அல்லது 6203, இரண்டும் வாகன வேலைகளில் புழங்கும் எண்கள்தான். இரண்டு பக்கமும் ரப்பர் மூடி உள்ள 2ஆர்.எஸ். வகையைக் கேளுங்கள், தகர மூடி வழியாகத் தூள் உள்ளே போகும். இதில் மலிவு பார்க்க வேண்டாம். பெல்ட் செக்கனுக்கு 16 மீட்டர் ஓடும்போது 50 மி.மீ. ஐட்லர் வீல் நிமிடத்துக்கு 6,000 சுற்றுக்கு மேல் சுற்றும். விரல் பள்ளம் எடுக்கும் 19 மி.மீ. குட்டி வீல் அதே வேகத்தில் 16,000 சுற்று சுற்றும். குட்டி வீல் போடும்போது வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

பூட்டும் ஒழுங்கு

முதலில் மோட்டரைத் தகட்டில் பூட்டி, டிரைவ் வீலைத் தண்டில் ஏற்றி, அதை அசையாத குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லா வீலும் இதற்குத்தான் ஒத்து வர வேண்டும். அப்புறம் கருவிக் கை, பிளாட்டன், ஐட்லர் வீல்கள். கடைசியில் ட்ராக்கிங் வீலும் அதன் ஸ்ப்ரிங் கையும். ஒரு நேரான அலுமினியக் கம்பியை டிரைவ் வீலின் பக்கத்திலிருந்து ஐட்லர் வீல்களின் பக்கம் வரை வைத்துப் பாருங்கள். இடைவெளி தெரிந்தால் வாஷர் வைத்து ஒரே தளத்துக்குக் கொண்டு வாருங்கள். இதில் ஒரு மாலை முழுக்கப் போனாலும் பரவாயில்லை. வீல்கள் ஒரே தளத்தில் நிற்காத மெஷினில் ட்ராக்கிங் திருகாணியோடு நாள் முழுக்கப் போராட வேண்டி வரும்.

பிளாட்டன் தட்டையாகவும் ஐட்லர் வீல்களைவிட முன்னே ஒன்றிரண்டு மி.மீ. துருத்திக்கொண்டும் இருக்க வேண்டும். வெறும் இரும்பு பிளாட்டன் சில மாதத்தில் நடுவில் குழிந்துவிடும், அதன் மேல் வெப்பம் தாங்கும் செராமிக் கண்ணாடி ஒன்றை ஒட்டினால் பல காலம் வரும். பெல்ட் ஓடும் திசை பிளாட்டனில் மேலிருந்து கீழ். பொறியும் தூளும் காலடிக்குப் போகும், கத்தி நழுவினாலும் கீழேதான் போகும்.

மின்சாரம்

இந்தப் பகுதியை எலக்ட்ரீஷியனோடு சேர்ந்து வாசியுங்கள். சிங்கிள் ஃபேஸ் 230 வோல்ட்டை வாங்கி த்ரீ ஃபேஸ் 230 வோல்ட்டாகத் தரும் வி.எஃப்.டி. வேண்டும். மோட்டரின் பெயர்த்தகட்டில் டெல்டா 230, ஸ்டார் 400 என்று இருந்தால் அதை டெல்டாவில் இணைக்க வேண்டும். கடையிலிருந்து வரும் மோட்டர் வழக்கமாக ஸ்டாரில் இருக்கும். முனைப் பெட்டியைத் திறந்தால் மூன்று முனைகளைக் கிடையாகச் சேர்த்த தகடுகள் தெரியும், அது ஸ்டார். தகடுகளை மூன்று நெடுக்குச் சோடிகளாக மாற்றினால் டெல்டா. மாற்றாமல் ஓட்டினால் மோட்டர் சுற்றும், ஆனால் இழுவை மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும், அழுத்தியதும் நின்றுவிடும். மோட்டர் பழுது என்று பலர் திருப்பிக் கொடுக்க ஓடுவது இதனால்தான். தகட்டில் டெல்டா 400 என்று மட்டும் போட்டிருந்தால் அந்த மோட்டரை எடுக்க வேண்டாம்.

1.5 கிலோவாட் மோட்டர் டெல்டாவில் கிட்டத்தட்ட 6 அம்பியர் எடுக்கும், ஆனால் அதற்காக வி.எஃப்.டி. சுவரிலிருந்து முழுச் சுமையில் 14 அம்பியர் அளவுக்கு இழுக்கலாம். 13 அம்பியர் பிளக்கின் வரம்பை இது தாண்டும். மெயின் பெட்டியிலிருந்து 20 அம்பியர் பிரேக்கரோடு தனி லைன் இழுப்பதே சரி. வி.எஃப்.டி. ஓடும்போது பூமிக்கு ஒரு சின்னக் கசிவு இருக்கும், அதனால் வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழலாம். அதற்காக ட்ரிப் சுவிட்சைக் கழற்றிவிடவோ எர்த் வயரை வெட்டவோ ஒருபோதும் கூடாது, அது உயிரோடு விளையாடுவது. மோட்டர் வயரைக் குட்டையாக்கி, தனி லைனுக்கு வி.எஃப்.டி.க்கு ஏற்ற ட்ரிப் சுவிட்ச் போடச் சொல்லுங்கள். மெயினை அணைத்த பிறகும் வி.எஃப்.டி.க்குள் பத்து நிமிடம் வரை மின்சாரம் தங்கி நிற்கும், அதுவரை மூடியைத் திறக்காதீர்கள். பெட்டியையும் மெஷினிலிருந்து தள்ளி, தூள் புகாத உறைக்குள் வையுங்கள்.

முதல் ஓட்டம்

பெல்ட்டை மாட்டி, கையால் வீலைச் சுற்றிப் பாருங்கள். பத்துச் சுற்றுக்குள் பெல்ட் பக்கவாட்டில் ஓடினால் ட்ராக்கிங் திருகாணியைக் கால் சுற்று திருகிப் பாருங்கள். கையில் நிற்காத பெல்ட் மின்சாரத்திலும் நிற்காது. அப்புறம் 10 ஹெர்ட்ஸில் ஓடவிட்டு, மெஷினுக்கு நேர் முன்னால் நிற்காமல் பக்கத்தில் நின்று பாருங்கள். கொஞ்சம் கொஞ்சமாக வேகம் ஏற்றுங்கள். அழுத்தும்போது பெல்ட் வழுக்கினால் ஸ்ப்ரிங் போதாது. எங்காவது கீச்சென்று சத்தம் கேட்டால் அந்த வீலின் பேரிங் போல்ட் அதிகமாக இறுகியிருக்கிறது.

தூள், சத்தம், ஈரம்

அறுபது, நூற்றிருபது பெல்ட்டின் தூள் கண்ணுக்குத் தெரியும். நெஞ்சுக்குள் போவது தெரியாத தூள். பில்டர் மாற்றக்கூடிய நல்ல முகமூடி, மூடிய கண்ணாடி இரண்டும் இல்லாமல் மெஷினை ஓடவிடாதீர்கள். கையுறை போட வேண்டாம், பெல்ட் துணியைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுக்கும். பெல்ட்டின் கீழே தண்ணீர் வாளி ஒன்று வைத்தால் பொறியில் பாதி அதற்குள் போகும். மரம் தேய்த்த தூளின் மேல் இரும்புப் பொறி விழுந்தால் தீப்பிடிக்கும், ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போகும் முன் கூட்டித் துடையுங்கள். பிடிக்கு முதிரை மரம் எடுக்கிறவர்கள் கவனம், அதன் தூள் சிலருக்குத் தோலில் கடியும் தடிப்பும் கொண்டு வரும்.

கொட்டாஞ்சேனை மாதிரிச் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் சத்தம் ஒரு மரியாதை விஷயம். மெஷினின் காலடியில் தடித்த ரப்பர் வைத்து, எந்நேரத்தில் ஓட்டுவேன் என்று பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டிச் சொல்லிவைத்தேன். இரவு ஏழுக்குப் பிறகு நான் ஓட்டுவதில்லை.

பெல்ட்டைக் கெடுப்பது கொழும்பின் ஈரக்காற்று. துணி இளகி, ஒட்டிய மூட்டு பலம் இழந்து, ஓட்டத்தில் அறுந்து முகத்துக்கு வரும். மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா பைகளோடு, மடிப்பு விழாமல் பெரிய வளையமாகச் சுருட்டி வையுங்கள். ஒரு வருடத்துக்கு மேல் தேவைப்படும் அளவுக்கு வாங்கிக் குவிக்க வேண்டாம். வெள்ளவத்தையில் கடலுக்கு அருகே இருப்பவர்கள் பிளாட்டனையும் கருவிக் கையையும் வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் துடைக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த வாரம் கை உறைக்குள் இறுகிக் கிடக்கும்.

முதல் வேலை

ஸ்ப்ரிங் தகட்டை இப்போதே எடுக்காதீர்கள். ஒன்றேகால் அங்குலச் சாதாரணப் பட்டை இரும்பில் பத்துத் துண்டு வெட்டி, வாய்ப் பக்கத்தில் நடுக்கோடு ஒன்றைக் கீறி, இரண்டு பக்கமும் அந்தக் கோடு வரை சரிவு எடுத்துப் பழகுங்கள். முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்து, கையால் தள்ளாமல் உடம்பை அசைத்து இழுக்க வேண்டும். புதிய 36 செராமிக் பெல்ட்டில் தொடங்கி, 60, 120, 220 என்று ஒவ்வொன்றாக. முந்திய பெல்ட்டின் கோடுகள் முழுதும் மறையும் வரை அடுத்ததுக்குப் போகாதீர்கள். அதைக் கண்ணால் உறுதிசெய்ய ஒவ்வொரு பெல்ட்டிலும் கத்தியின் சாய்வைக் கொஞ்சம் மாற்றிப் பிடித்தால், பழைய கோடும் புதிய கோடும் குறுக்கே தெரியும்.

ஸ்ப்ரிங் தகட்டில் செய்த கத்திக்குப் பதம் போட்ட பிறகு வெறும் விரலால் பிடித்துத்தான் தேய்க்க வேண்டும். வாயின் ஓரம் 200 பாகை செல்சியஸ் அளவைத் தாண்டினால் வைக்கோல் நிறம் ஏறும், நீலம் வந்துவிட்டால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது. மெலிந்த முனைதான் முதலில் சூடேறும். விரல் சுடத் தொடங்கும் முன்பே கத்தி வாளித் தண்ணீருக்குள் போக வேண்டும், ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு முழுக்கு.